புல எண் 214

வரைபடத்தில் அது ஒன்பது மீட்டர் அகலம்.
சங்கிலியின் மறுமுனையை இழுத்துக்கொண்டு
சீமைக்கருவேலத்துக்குள் போன திம்மராயன்
காணாமல் போய்விட்டான்.
எங்கே இருக்கிறாய் என்றேன்.
"ஆத்துக்குள்ளதான் மேடம்" என்றது முள்.

பதிவேட்டில் பெயரில்லை அதற்கு.
ஓடை. புறம்போக்கு. தீர்வை இல்லை.
மேலே, கரட்டடியில் தெலுங்கு பேசும் வீடுகளில்
அது வங்கா.
நடுவே மாந்தோப்புக்காரர்களுக்குப் பள்ளம்.
காவேரிப்பட்டணத்துக்குக் கீழே
பெண்ணையில் போய் விழும் இடத்தில் மட்டும்
ஆறு என்கிறார்கள்,
செத்தவரைப் பற்றிப் பேசும்போது வரும் மரியாதையுடன்.

மொத்தம் பதினேழு கிலோமீட்டர்.
டவுன் பஸ் முக்கால் மணியில் முடித்துவிடும்.
அதற்குள் மூன்று தடுப்பணை, இரண்டு உடைந்தவை,
ஒரு கிரானைட் குவாரி,
வைகாசி முதல் ஆடிவரை
மாம்பழக்கூழ் ஆலையின் பின்பக்கக் குழாய்.
அந்த மூன்று மாதமும் ஈ மொய்க்கும் இனிப்பு.
நான் முதலில் அந்த ஓடையை
மூக்கால்தான் அளந்தேன்.

முனிரத்தினத்தின் சாமந்தி
அதன் வலது தோளில் ஏறி
இடது தோள்வரை போர்த்தியிருந்தது.
அழகுதான். பொய் சொல்லக் கூடாது.
"எங்கப்பன் காலத்துலயே தண்ணி இல்ல.
இல்லாத தண்ணிக்கு எதுக்கு மேடம் வழி?"
சிரித்தார்.
பல்லில் குறுக்கே பழுப்புக் கோடுகள்.
என் பல்லிலும் உண்டு.
ஆயிரத்து நூறு அடிக்குக் கீழே
பாறை குடித்து மிச்சம் வைத்ததை
இரண்டு பேருமே குடித்து வளர்ந்தவர்கள்.
அவர் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை,
எல்லைக்கல் இருந்தது.
நட்டேன்.

நூறு நாள் வேலைக்கு வந்த எல்லம்மா
புல்டோசரைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:
"கீழ தோண்டி என்னத்துக்கு?
தண்ணி மேலல்ல ஓடிப் போவுது."
அப்புறம்தான் கரட்டுக்குப் போனோம்.
வெடிப்பு வெடிப்பாக,
முழங்கால் உயரத்துக்குக் கல் அடுக்கினார்கள்,
சிமெண்ட் இல்லாமல்,
இருநூற்றுச் சொச்சம் இடத்தில்.
பில்லில் அவற்றை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று
ஒரு மாதம் கோப்பு நகரவில்லை.

கீழே நயாஸ் முள்ளை வேரோடு பிடுங்கினான்.
வண்டலில் ஒற்றைச் செருப்புகள், பூச்சிமருந்து டப்பா,
இரண்டாள் ஆழத்தில்
அம்புக்குறி செதுக்கிய பழைய கல்.
எதிர்க்கரையில் அதன் ஜோடி.
சங்கிலி போட்டோம். சரியாக ஒன்பது.
எனக்கு முன்னால் யாரோ
ஈரக்காலோடு நின்று அளந்திருக்கிறார்.

ஐப்பசியில், விடிய நாலு மணிக்குப் போன் வந்தது.
"உங்க கல்லு அடிச்சிக்கிட்டுப் போயிடுச்சு மேடம்."
முனிரத்தினம்.
புகாரா, சிரிப்பா, அளக்க முடியாத குரல்.

போய்ப் பார்த்தால்
வளைவில் ஓடை வரைபடத்தைக் கேட்கவில்லை.
என் கோட்டை விட்டு ஐந்து மீட்டர் இடப்பக்கம் தள்ளி
அவருடைய பட்டாவில் ஒரு துண்டைத் தின்றுவிட்டு
நான் பறித்த இடத்தில் கொஞ்சம் மண்ணை
அவருக்கே போட்டுவிட்டுப் போயிருந்தது.
செந்நிறத் தண்ணீர். நுரை. மிதக்கும் சாமந்தி.
கரையில் நின்று அவர் கேட்டார்:
"இப்ப இதுக்கு யாரு நோட்டீஸ் குடுப்பா?"

தை மாதம் அவர் பழைய கிணற்றில்
நீர் ஆறடி ஏறியிருந்தது.
குப்பியில் மருந்து விட்டேன்.
எப்போதும் பட்டென்று மஞ்சளாகும்;
இந்த முறை இளஞ்சிவப்புக்கும் மஞ்சளுக்கும் நடுவே
தயங்கி நின்றது.
அவ்வளவுதான். அதற்கு மேல் நான் சொல்ல மாட்டேன்.
குழாய் அங்கேயே இருக்கிறது.
மாமரங்கள் பூக்கத் தொடங்கிவிட்டன.

மேலிடத்துக்கு அறிக்கை கேட்டார்கள்.
கட்டங்களை நிரப்பினேன்.
கடைசிக் கட்டத்தில், குறிப்பு என்ற இடத்தில்,
இப்படி எழுதினேன்:
கல் காணவில்லை.
ஓடை இருக்கிறது.